காரணம் விளங்காமையும் காரணம் இன்மையும்

உலகத்தில் நிகழும் நிகழ்ச்சி யாதாயினும் அதற்குக் காரணம் உண்டு என்பது நம்மனோர் முதற்கண் கொண்ட முடிபு. இல்லாதது தோன்றுதலும், உள்ளது அடியோடு இல்லாதொழிதலும் கூடா எனக் கொள்ளும் சற்காரியவாதிகளாகிய நமக்கு, காரணமில்லாத காரியம் என்பது மலடி மகன் என்பது போலும் வெற்றுரையாம். முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்றாக வகுத்து, மண்ணும் திரிகையும் குயவனும் என உவமை காட்டி, இளமாணவர்க்கும் இதனைக் கற்பித்து வருகின்றோம். ஆயினும் வாழ்க்கையில் ஒரு தீங்கு திடீரென நேர்ந்துழி, “காரணம் விளங்கவில்லை” என்னும் சொல் யாவர் வாயினும் எழுகின்றது. சிறிது பொழுது கழியுமுன்னரே அச்சொல் உருமாறி, சிலர் வாயில் “காரணம் ஒன்றுமில்லை, தற்செயல்” என்றும், சிலர் வாயில் “இன்னான் பிழை” என்றும், நம்மவர் பலர் வாயில் “எல்லாம் வினைப்பயன்” என்றும் முடிந்துவிடுகின்றது. இம்மூன்று முடிபும் ஒரே அவசரத்தின் மக்கள் என்பதே யாம் ஈண்டுக் கூறக் கருதியது.

விளங்காமை என்பது பொருளின்கண் உள்ள இயல்பா, அறிவான்கண் உள்ள குறையா? பொருளின்கண் உள்ளதெனின், அது ஒருவர்க்கும் ஒருகாலத்தும் விளங்குதல் கூடாது. நேற்று விளங்காதது இன்று விளங்கக் காண்கின்றோம். ஆகலின் அஃது அறிவான்கண் உள்ள குறையே. இவ்வளவில் நின்றால் எளிய செய்தியே. ஆனால் அக்குறை நீங்குமளவும் அறிவான் எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்னும் வினா எளிதன்று. அதனை வெறுஞ் சொல்லாராய்ச்சியாக விடாது, நிகழ்ந்த செய்திகள் சிலவற்றின்மேல் வைத்து ஆராய்வாம். அதற்கு, ஆகாய விமானங்கள் வானில் எழும்பொருட்டு ஓடுபாதையில் விரைந்து ஓடும்பொழுது திசை தவறிய நிகழ்ச்சிகள் ஏற்றனவாம். சாத்திர ஆராய்ச்சிக்கு விமானம் எற்றுக்கு எனின், குயவனையும் குடத்தையும் நம் முன்னோர் எடுத்தது அவை அவர் கண்முன் கிடந்தமையாலன்றோ?

விமானம் நிலத்தின்மேல் ஓடுங்கால் அதனை நேரே செலுத்துவன இரண்டு. ஒன்று அதன் மூக்கின் கீழுள்ள சக்கரம். மற்றொன்று வாலின்கண் செங்குத்தாக நிற்கும் சுக்கான். விரைவு குறைந்துழிச் சக்கரமே திசை தரும். சுக்கானுக்குப் போதிய காற்றோட்டம் இராது. விரைவு மிகுந்தோறும் சுக்கான் வலிமை பெறும். சக்கரத்தின் பிடி தளரும். விமானியின் காலடியில் இரண்டு மிதிகள் உள. வலமிதியை அழுத்தின் வலமும், இடமிதியை அழுத்தின் இடமும் திரும்பும். பக்கத்திலிருந்து காற்று வீசின், உயர்ந்து நிற்கும் வால் அதனைப் பாய்போல் ஏற்று ஒதுங்க, மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். அதனைத் தடுத்து விமானி எதிர்மிதியை அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். புறத்தே நின்று நோக்குவார்க்கு விமானம் கோடு கிழித்தாற்போல் நேரே ஓடுவதாகத் தோன்றும். உள்ளே விமானியின் கால்களோ ஒரு கணமும் ஓய்ந்திரா. இதன்மேல் வரம்பு விரைவு என ஒன்று ஒவ்வொரு புறப்பாட்டிற்கும் கணக்கிடப்படும். அதனை எட்டுமுன் புறப்பாட்டைக் கைவிடின் பாதைக்குள் நின்றுவிடலாம். எட்டியபின் பறந்தே தீரல் வேண்டும். இவையெல்லாம் ஏறத்தாழ அரை நிமிடத்துள் நடந்து முடிவன.

1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் இரவு நியூயார்க் நகரத்து லகார்டியா நிலையத்தினின்றும் சார்லட் நகருக்கு யூஎஸ்ஏர் நிறுவனத்தின் 5050-ஆம் எண் விமானம் புறப்பட்டது. அது போயிங் 737-400 வகையினது. அதன்கண் இருந்தோர் 63 பேர். ஓடுபாதை மழையால் நனைந்திருந்தது. புறப்பாட்டை இயக்கியவர் துணை விமானி. அவ்வகை விமானத்தில் மேற்பார்வையாளர் இன்றிப் பயணிகளோடு அவர் செய்த முதற் புறப்பாடு அது. 39 நாள் பறவாதிருந்து அன்றுதான் மீண்டும் புறப்பட்டார். தலைமை விமானி பக்கத்திலிருந்தார்.

விமானிகள் இருவர்க்கும் நடுவேயுள்ள மேடையின் பின்புறத்தில் ஒரு குமிழ் உண்டு. சுக்கானை ஒருபக்கம் சிறிது சாய்த்து நிறுத்துதற்கு அதனைத் திருப்புவர். நெடும்பொழுது காலால் அழுத்திக்கொண்டிருக்கும் வருத்தம் நீங்க அமைந்தது அது. அன்று அக்குமிழ் புறப்படுமுன்னரே இடப்புறத்து எல்லைவரை திருப்பப்பட்டுக் கிடந்தது. சுக்கான் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. மிதிகளும் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நின்றன. புறப்பாட்டிற்கு முன் சரிபார்க்கும் பட்டியலில் இக்குமிழின் நிலையும் பார்க்கத்தக்கதே. இருவரும் பார்த்திலர். விமானம் ஓடத் தொடங்கியதும் இடப்பக்கம் சாய்ந்தது. இதனிடையே துணை விமானி விசையைத் தானே அமைக்கும் பொறியை இயக்கும் பொத்தானுக்கு மாறாக, அதனை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார். பின்னர் விசையைக் கையால் அமைக்கவேண்டியதாயிற்று. சிறிது பொழுதில் ‘டம்’ என ஓர் ஒலி, அடுத்து உறுமல். மூக்குச் சக்கரம் சாய்ந்தவாறே தரையில் உராய்ந்ததன் ஒலி அது. காரணம் இருவர்க்கும் விளங்கவில்லை.

இந்நிலையில் தலைமை விமானி ஒரு சொற்றொடர் சொன்னார். ஒலிப்பதிவுக் கருவியில் அது பதிந்துளது. ‘திசைப்பிடி பிடித்தாயிற்று’ என நம் மொழியில் அதனைக் கூறலாம். பிடித்தவர் யார் என்பது அத்தொடரில் இல்லை. ‘நீர் பிடித்திருக்கின்றீர்’ என்னும் கருத்திலேயே சொன்னதாகத் தலைமை விமானி பின்னர்ச் சான்று கூறினார். ‘யான் பிடித்துக்கொண்டேன்’ என அவர் சொன்னதாகவே தாம் கொண்டதாகத் துணை விமானி கூறினார். அவ்வாறு கொண்டமையால் அவர் வலமிதியின்மேல் வைத்திருந்த அழுத்தத்தைத் தளர்த்தினார். ஒவ்வொருவரும் மற்றவர் பிடித்திருக்கின்றார் என்று எண்ணியிருக்க, விமானம் எவர் பிடியிலும் முழுமையாக இல்லாது விரைந்தது. வரம்பு விரைவு 125 நாட். அதனைக் கடந்து ஏறத்தாழ 130 நாட் அளவிலேதான் புறப்பாட்டைக் கைவிடும் செயல் தொடங்கிற்று. பாதை முடிந்தும் விமானம் நில்லாது, நீர்மேல் நாட்டிய மரமேடையின்மேல் ஓடிப் பவுரி விரிகுடா நீரில் விழுந்து உடைந்தது. பயணிகள் இருவர் மாண்டனர்.

தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு ஈண்டு ஓர் எண்ணம் எழாமற் போகாது. எழுவாய் தோன்றாது நின்றவிடத்தும் நம் வினைமுற்றின் விகுதி தன்மை முன்னிலை படர்க்கை என்னும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். அவர்கள் மொழியில் வினைச்சொல்லுக்கு அவ்வுதவி இல்லை. ஆயினும் நாமும் செருக்கடைதற்கில்லை. ‘ஆயிற்று’ என முடித்துச் செய்தவன் பெயரை மறைக்கும் வழக்கு நம்மிடத்தும் மலிந்துளது. ‘விளக்கு வைத்தாயிற்றா?’ என ஒருவர் வினவ, ‘ஆயிற்று’ என மற்றவர் விடைகூற, விளக்கு இருண்டே கிடக்கும் இடங்கள் பல.

இந்நிகழ்ச்சியை ஆராய்ந்தது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அதன் முடிபு கருதத்தக்கது. தலைமை விமானி உரிய காலத்தில் தம் ஆணையைச் செலுத்திப் புறப்பாட்டைக் கைவிடவோ, கட்டுப்பாட்டைத் தாமே ஏற்றுத் தொடரவோ தவறியதையும், குமிழின் நிலையைப் புறப்படுமுன் கண்டறியாததையும் அது காரணமாகக் கூறிற்று. குமிழைத் திருப்பியது யார், அல்லது எது? விமானிகளுக்குப் பின்னுள்ள இருக்கையில் அமர்ந்தார் ஒருவர் கால் பட்டிருத்தல் கூடும்; மேடையின்மேல் வைத்த பொருள் தடுத்துத் திருப்பியிருத்தலும் கூடும். கூடும் என்பதற்கு மேல் துணிவு இல்லை. வாரியமும் துணிந்திலது.

இங்கே நம் வினா கூர்மையடைகின்றது. குமிழ் திரும்பியதன் காரணம் விளங்காதபொழுது, அதன்வழி வந்த கேட்டிற்கு ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குதல் யாங்ஙனம்? முதலே அறியப்படாதாயின் முடிவை எவர்மேல் ஏற்றுவது? இது தடை. இதற்கு விடை: விமானம் ஏன் இடப்பக்கம் சாய்கின்றது என்பதை அறிதல் விமானியின் அப்போதைய கடமை அன்று; சாய்கின்றது என்பதை அறிந்து, பிடித்தல் அல்லது நிறுத்துதலே அவர் கடமை. ஏன் என்பதன் அறிவு பின்னர் வருவோர்க்கு ஆண்டுக்கணக்கில் அமைந்துளது. அவர்க்கு வாய்த்தவை நொடிகளே. காரணத்தை அறியாமலே செய்யவேண்டிய செயல்கள் உலகில் பல. வீடு எரியும்பொழுது தீ யாரால் மூண்டது என ஆராய்ந்தபின் நீர் எடுப்பார் இல்லை. அறியாமை ஒருவனைக் காரணங் கூறும் கடனினின்று விடுவிக்கும். செயல் செய்யும் கடனினின்று விடுவியாது.

யான் எனது என்னும் செருக்கு அறல் வேண்டும் என ஓயாது பேசும் நம் குழாத்திற்கு இதில் தனியே கருதற்பாலது ஒன்றுண்டு. ‘யான் செய்கின்றிலேன், அவர் செய்கின்றார்’ என அவ்விருவரும் எண்ணிய எண்ணம் செருக்கின்மையாற் பிறந்ததன்று, பிழையாற் பிறந்தது. செருக்கின்றிப் பற்றுதல் வேறு, பற்றாது விடுதல் வேறு. இறைபணி நிற்றல் என்னும் உயர்ந்த நிலையைக் கூறுமிடத்தும் பணி என்னும் சொல் விடப்படாது நிற்றலை நோக்குக. ‘எல்லாம் அவன் செயல்’ எனக் கூறித் தம் கையிலிருந்த கணக்கையும் சாவியையும் கைநழுவ விட்டாரை நாம் கண்டிலமா? அவர்தம் சொல் மெய்ச்சொல்லாக இருக்கலாம்; அதனை அவர் எடுத்த இடம் பொய்யிடம்.

இனி, மற்றொரு நிகழ்ச்சி. இது 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் மாலை, கொலராடோ மாநிலத்து டென்வர் நிலையத்தில் நிகழ்ந்தது. கான்டினென்டல் நிறுவனத்தின் 1404-ஆம் எண் விமானம் ஹூஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. இது போயிங் 737-500. ஏறியிருந்தோர் 115 பேர். மேற்கே ராக்கி மலைத்தொடர். அதன்மேல் ஏறி இறங்கிவரும் காற்று அலையலையாக வந்து மோதும் இடம் அது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானிகட்கு அறிவித்த காற்று, மேற்கினின்று 27 நாட். அந்நிறுவனம் தன் விமானிகட்குப் பக்கக் காற்றில் வகுத்திருந்த அளவு 33 நாட் ஆகலின், புறப்படத் தடையொன்றும் தோன்றவில்லை. தலைமை விமானியே இயக்கினார். இடப்பக்கத்துக் காற்றுக்கு மாறாக வலமிதியை அழுத்தியும் தளர்த்தியும் விமானத்தை நேரே நடத்திவந்தார். திடீரென மூக்கு இடப்பக்கம் வலிந்து திரும்பிற்று. மிதி பயன்படவில்லை என அவர்க்குத் தோன்றிற்று. பாதையைவிட்டு விலகுதற்கு ஏறத்தாழ நான்கு நொடி முன்னர், அவர் வலமிதியை அழுத்துவதை விட்டார்; சக்கரத்தைத் திருப்பும் கைப்பிடியைப் பற்ற முயன்றார். விமானம் பாதையின் இடப்புறம் நீங்கி, மேடுபள்ளங்களில் மோதி நின்று, தீப்பற்றிற்று. தலைமை விமானி உள்ளிட்டுப் பலர் காயமுற்றனர். ஒருவரும் இறந்திலர். 

அவர் கொண்ட கருத்து, சுக்கானோ சக்கரமோ பழுதாயிற்று என்பது. கருவிகளைப் பிரித்து ஆராய்ந்தோர் பழுது ஒன்றும் கண்டிலர். அந்நேரத்தில் வீசிய காற்று 45 நாட் அளவிற்கு ஓங்கியதும், சுக்கானை மேலும் அழுத்தியிருப்பின் விமானத்தை நேரே நிறுத்தும் வலிமை அதற்கு இருந்ததும் பதிவுகளால் வெளிப்பட்டன. அளவை நூலார் கூறும் திரிபுக்காட்சிக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது. இப்பியை வெள்ளி எனக் கண்டவன் கண்ணில் குற்றமில்லை, ஒளியும் இருந்தது, பொருளும் எதிரே இருந்தது. ஒன்றன் இயல்பை மற்றொன்றன்மேல் ஏற்றிய துணிவே பிழை. இவரும் திசை தவறுதலை மெய்யாகவே கண்டார். காற்றின் செயலைக் கருவியின் பழுதாகக் கொண்டார். கொண்டபின், பழுதான கருவியை அழுத்திக்கொண்டிருப்பார் யார்? காலை எடுத்தது அக்கொள்கைக்கு இயைந்த செயலே. கொள்கை பிழைத்தமையின் செயலும் பிழைத்தது.

ஆனால் வாரியத்தின் முடிபைக் கருத்தொடு நோக்குக. விமானி வலமிதியை விட்டதே காரணம் எனக் கூறிய அதே வாக்கியத்தில், அக்காற்று அவர் பெற்ற பயிற்சிக்கும் பட்டறிவிற்கும் அப்பாற்பட்டது எனவும் கூறிற்று. மேலும் இரண்டனை உடன்காரணங்களாக வைத்தது. முதலாவது, கிடைத்திருந்த காற்றுச் செய்தி கட்டுப்பாட்டாளர்க்கும் விமானிகட்கும் சென்றுசேர வழி அமையாமை. டென்வர் நிலையத்தில் காற்றளக்கும் கருவிகள் 32 நிறுவப்பட்டிருந்தன. விமானிக்குச் சொல்லப்பட்டது ஒரு கருவியின் அளவு. பாதையின் மறுமுனைக்கு உரிய கருவியோ 35 நாட் எனவும் இடையிடையே 40 எனவும் காட்டிக்கொண்டிருந்தது. அதனைச் சொல்லவேண்டும் என்னும் விதி இல்லை. அதனால் ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாவது, பயிற்சிக்கென அமைந்த போலிப்பொறிகளில் இத்தகைய வீச்சுக்காற்று உள்ளவாறு அமைக்கப்படாமை. பயிலாத ஒன்றைப் பயின்றானைப் போலச் செய் என ஒருவனை நோக்கிச் சொல்லுதல் எளிது.

காரணமாதல் வேறு, குற்றமுடைமை வேறு என்பது இதனாற் பெறப்படும். குடம் உடைந்ததற்குக் கல் காரணம். கல்லுக்குக் குற்றம் இல்லை. கல்லை எறிந்தவன் சிறுவனாயின் அவனுக்குக் குற்றம் உண்டு, ஆனால் வளர்ந்தான் எறிந்ததனோடு அஃது ஒக்காது. விமானியின் கால் நிமித்தம் எனினும், அக்காலுக்குப் பின்னே அறிவிக்கப்படாத காற்றும் பயிற்றப்படாத பயிற்சியும் நின்றன. அறிவு அந்நிலத்திலேயே இருந்தது. அறியவேண்டியவனிடத்து மட்டும் அஃது இல்லை. உயிர் அறிவுடைப் பொருளே எனினும் உணர்த்த உணர்வது என நாம் கொள்ளும் கொள்கை வெறும் வீடுபேற்று ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. உணர்த்துவார் உணர்த்தாது விட்டபின், உணராமையை முழுதும் ஒருவன் தலையில் கட்டுதல் முறையாகாது. அதுபற்றி அவ்விமானிக்குக் குற்றமே இல்லை எனல் எம் கருத்தன்று. நூற்றுப்பதினைந்து உயிர் தம் காலடியில் நிற்க, கால் தளர்த்துதற்குமுன் ஒருமுறை முழு ஆற்றலோடு அழுத்திப் பார்த்தல் அவர்க்குக் கடனே. அளவறிந்து குற்றஞ்சாட்டுக என்பதே கூறியது.

அதே கொலராடோ மாநிலத்தில், இதற்குப் பதினேழாண்டு முன்னர், கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் நிகழ்ந்ததை இதன் எதிரே வைத்து நோக்கல் வேண்டும். அஃது ஓடுபாதையில் நிகழ்ந்ததன்று. இறங்கவரும் விமானம் திசை இழந்து வீழ்ந்தது. 1991-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள். இதுவும் போயிங் 737. இருந்த 25 பேரும் மாண்டனர். இங்கும் மலைக்காற்று, இங்கும் சுக்கான் ஐயம். நெடிதாய்ந்த வாரியம் 1992-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், துணிதற்குப் போதிய சான்று கிடைத்திலது என வெளிப்படையாக எழுதிற்று. திசை செலுத்தும் உறுப்பிற் பழுதாகவோ, கடுஞ்சுழற்காற்றாகவோ இருத்தல் கூடும் என இரண்டனைக் காட்டி அமைந்தது. இறந்தாரைப் பறிகொடுத்தோர்க்கு அவ்வறிக்கை எத்துணைக் கசந்திருக்கும்! குற்றவாளியும் இல்லை, காரணமும் இல்லை எனின் துயரம் எதன்மேல் சாய்ந்து நிற்கும்? மாண்ட விமானிகள்மேல் ஏற்றிவிடின் எல்லார்க்கும் எளிதாயிருக்கும். அவர்கள் மறுத்துரைக்க வரமாட்டார்கள்.

வாரியம் அதனைச் செய்யாது வைத்த வெற்றிடமே பின்னர்ப் பயன்பட்டது. 1994-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிட்ஸ்பர்க் நகருக்கு அணித்தாக அதே வகை விமானம் வீழ்ந்து 132 பேர் மாண்டனர். 1996-ஆம் ஆண்டு ஜூனில் ரிச்மண்ட் நகருக்கு அருகே மற்றொன்று அவ்வாறே திசை புரண்டு, தெய்வாதீனமாய்த் தப்பிற்று. தப்பிய விமானிகள் மிதி எவ்வாறு இருந்தது எனச் சொல்ல வாய்த்தனர். சுக்கானை இயக்கும் எண்ணெய் அழுத்தப் பொறியிலுள்ள சிறிய அடைப்பிதழ் ஒன்றனை மிகக் குளிரவைத்து, அதனுட் சூடேறிய எண்ணெயைச் செலுத்திச் சோதித்தபொழுது, அது சிக்கிக்கொண்டது. அங்ஙனம் சிக்கின், வலமிதியை அழுத்தச் சுக்கான் இடப்பக்கம் செல்லும் நிலையும் உண்டாதல் தெரிந்தது. மேலும், சிக்கு நீங்கியபின் அதன் தடம் ஒன்றும் உறுப்பில் எஞ்சாதிருத்தலும் கூடும். 1999-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் அறிக்கையும், 2001-ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட கொலராடோ ஸ்பிரிங்ஸ் அறிக்கையும் இதனையே காரணமாகத் துணிந்தன. பின்னர் அவ்வுறுப்பு புதிதாக வகுக்கப்பட்டது.

காற்று என ஐயுற்ற இடத்தில் கருவி காரணமாயிற்று. கருவி எனத் துணிந்த இடத்தில் காற்று காரணமாயிற்று. ஒரே மாநிலம், ஒரே வகை விமானம், ஒரே மலைக்காற்று. ஒன்றில் கண்டதனை மற்றொன்றிற் பொருத்துவோமாயின் இரண்டிலும் பிழைபடுவோம். கருதலளவை ஏதுவின் வலிமையால் நிற்பதன்றி ஒப்புமையின் கவர்ச்சியால் நிற்பதன்று.

இன்மையை அறியுமாறு பற்றி நம் நூல்கள் கூறுவது ஈண்டு மிகப் பயன்படும். அளவைகள் பத்து எனக் கூறி, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்குமிடத்து, அபாவம் என்பதனையும் சிவஞானசித்தியார் எண்ணியுள்ளது. காணப்படாமையால் இல்லை எனத் துணிதல் எப்பொழுது பொருந்தும்? அப்பொருள் அவ்விடத்து இருப்பின் காணப்பட்டே தீரும் என்னும் நிலை இருந்தால் மட்டுமே பொருந்தும். நண்பகலில் வெறுந்தரையில் குடம் காணப்படவில்லையெனின், குடம் இல்லை. இருளடைந்த அறையுள் காணப்படவில்லையெனின், இல்லை எனல் ஆகாது. தடம் விட்டுச் செல்லாத சிக்கினை, தடம் காணாமையால் இல்லை என்றவர் இருளறையுட் குடம் தேடினாரை ஒப்பர். கொலராடோ ஸ்பிரிங்ஸ் அறிக்கையாளர் ‘யாம் நிற்பது இருளறை’ எனக் கூறினர். அதுவும் ஓர் அறிவே. தனக்கு விளங்காமையைத் தான் அறிந்து கூறுதல் ஐயத்தினும் வேறு, திரிபினும் வேறு.

‘எல்லாம் வினைப்பயன்’ என்னும் மூன்றாவது முடிபிற்கு இனி வருவாம். வினைக்கொள்கையை மறுப்பது எம் நோக்கமன்று. அஃது எம் உயிர்க்கொள்கை. ஆனால் அக்கொள்கை எவ்வினாவிற்கு விடை என்பதை மறத்தல் ஆகாது. இவ்வுயிர்க்கு இந்நுகர்ச்சி ஏன் வந்தது என்பதே அவ்வினா. எவ்வழியே வந்தது என்பது வேறு வினா. வினை அறிவில்லாதது, தானே வந்து ஊட்டாது, கருவிகளின் வழியே ஊட்டப்படும் என்பது நம் சமயத்தார் பிறரோடு வாதிட்டு நாட்டிய நிலை. ஆகவே குமிழும் அடைப்பிதழும் காற்றும் காலும் ஆராயப்படுதல் வினைக்கொள்கைக்கு மாறாகாது, அதனால் வேண்டப்படுவதேயாம். வினை எனக் கூறி அடைப்பிதழை ஆராயாது விட்டிருப்பின், அடுத்து ஏறியவர் கதி யாது? அவர்தம் வினையும் எனக் கூறுவோமோ? அங்ஙனம் கூறும் நாக்கு தன் மகன் ஏறிய விமானத்தைப் பற்றியும் அதே அமைதியோடு கூறுமாயின் கேட்போம்.

இதன்மேலும் ஒன்று. வினை உண்டு என்பது பொதுவகையான் அறியப்பட்டது. இவர்க்கு இவ்வினை என்பது சிறப்பு வகை. பொது உணர்விலிருந்து சிறப்புணர்விற்குத் தாவ நமக்கு அளவை யாதும் இல்லை. பிறர் முற்பிறப்புக் காட்சிக்கு எட்டாது; கருதற்கு ஏது கிட்டாது; உரையோ இன்ன ஊரில் இன்ன இரவில் நீரில் மூழ்கியவர் செய்தது இன்னது எனக் கூறவில்லை. தன் துன்பத்தை நோக்கித் தன் வினை எனக் கொள்ளுதல் பொறுமைக்கு வழி. பிறர் துன்பத்தை நோக்கி அவர் வினை எனல், அளவையின்றித் துணிந்த துணிவு என்பதோடு, இரக்கத்தின் வாயிலையும் அடைக்கும். ஒரே சொல் ஆயினும் சொல்லுவான் இடம் மாறப் பொருள் மாறுகின்றது.

லகார்டியாவில் திரும்பிய குமிழுக்கு மீள்வாம். அதனைத் திருப்பியது ஒருவர் காலாயின், அவர் அதனை அறிந்திரார். இருக்கையில் நன்கு சாய்ந்து அமரக் காலை நீட்டியிருப்பார். புதையரணத்தின் ஓரத்தில் ஏதோ தட்டியிருக்கும். அவர் நினைவில் அஃது ஒரு நிகழ்ச்சியாகவே பதிந்திராது. நாடோறும் நம் கால்கள் எத்தனை குமிழ்களைத் தட்டுகின்றன, அவற்றுள் எவை எவர் பாதையை இடப்பக்கம் சாய்க்கின்றன என்பதை அறிய நம்மிடம் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. அவ்விருவர் மாண்ட நீரின் கரையில் இன்றும் விமானங்கள் ஓடி எழுகின்றன. அவற்றின் மிதிகளின்மேல் உள்ள கால்கள், ஏன் என்பதை அறிந்தும் அறியாதும், அழுத்திக்கொண்டே இருக்கின்றன.